கெவுர்ஸ்ட்ராமினரைக் காரச் சாப்பாட்டோடு வைக்கச் சொல்வது சரிதானா?

கொல்மார் குறிஞ்சி எழுதியது:

போன சனிக்கிழமை என் வீட்டு விருந்து பாதியிலேயே கெட்டுப்போனது. மனது இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

உடன் வேலை பார்க்கும் நான்கு பேரைச் சாப்பிட அழைத்திருந்தேன். நால்வரும் இங்கே, பிரான்சின் அல்சாஸ் மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். "உங்கள் வீட்டில் எப்படிச் சமைப்பீர்களோ அப்படியே சமையுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். வறுத்து அரைத்த கோழிக் குழம்பு, புளி விட்டுச் சுண்டவைத்த கத்தரிக்காய், மிளகு ரசம் என்று எதிலும் காரத்தைக் குறைக்காமல் வைத்தேன். ஒயின் வாங்கப் போன கடையில் இந்தியச் சாப்பாடு என்று சொன்ன மாத்திரத்தில், மறு கேள்வி இல்லாமல் இந்தப் பகுதியின் வெள்ளை ஒயினான கெவுர்ஸ்ட்ராமினர் இரண்டு பாட்டில் என் கைக்கு வந்தது. காரத்துக்கு இதுதான் என்று பல இடங்களில் படித்திருந்ததால் நானும் நம்பி வாங்கினேன்.

சாப்பிடும் முன் ஆளுக்கு ஒரு வாய் குடித்தபோது எல்லோர் முகமும் மலர்ந்தது. கோப்பையை மூக்கருகே கொண்டுபோனாலே போதும், கல்யாண மண்டப வாசலில் பன்னீர்ச் செம்பு நிற்குமே, அந்த வாசம். அதன் பின்னாலேயே லிச்சிப் பழம், கொஞ்சம் இஞ்சி. பிறகு குழம்பு ஒரு கவளம் உள்ளே போனது. அடுத்த வாய் ஒயின் நாக்கில் நெருப்பை மூட்டிவிட்டது. புளிக் கத்தரிக்காய்க்குப் பிறகு குடித்தபோது அதே ஒயின் உப்பில்லாத கஞ்சிபோல் சப்பென்று இருந்தது. வந்தவர்கள் பண்பானவர்கள், ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் ஜாடியைத்தான் மூன்று முறை நிரப்பவேண்டி வந்தது.

அவர்கள் போன பிறகு, பாத்திரமெல்லாம் கழுவி முடித்து, மிச்சமிருந்த ஒயினை ஒரு துண்டு மன்ஸ்தேர் சீஸோடு குடித்துப் பார்த்தேன். தொலைந்த வாசம் அப்படியே திரும்பி வந்தது. முதலில் இருந்ததைவிட நன்றாகவே வந்தது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 'கெவுர்ஸ்' என்ற ஜெர்மன் சொல்லுக்கு மசாலாப் பொருள் என்று அர்த்தம். அதை எல்லோரும் மிளகாய் என்று எடுத்துக்கொண்டார்கள். மசாலா வேறு, காரம் வேறு. பட்டை, கிராம்பு, ஏலம், இஞ்சி எல்லாம் இந்த ஒயினுக்கு உறவு. மிளகாயும் புளியும் பகை. உங்கள் அனுபவம் எப்படி?

அடுப்படி அரசு எழுதியது:

குறிஞ்சி தங்கச்சி, விருந்து கெட்டது வருத்தம்தான். ஆனால் பழியை முழுவதும் ஒயின்மேல் போட நான் ஒப்பமாட்டேன். ஸ்த்ராஸ்பூரில் பதினெட்டு வருடமாகச் சமையற்கட்டில் நிற்கிறேன். தாய்லாந்துக் கறி, யாழ்ப்பாணத்துக் கறி இரண்டோடும் இந்த ஒயினைப் பரிமாறியிருக்கிறேன், போத்தல் காலியாகித்தான் திரும்பி வந்தது.

கெவுர்ஸ்ட்ராமினர் என்ற ஒரே பெயரில் நாலு விதமான ஒயின் விற்கிறார்கள். சீனி துளியும் மிஞ்சாத வறண்ட ஒயினும் உண்டு, தேன்போல இருப்பதும் உண்டு. 2021ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து அல்சாஸ் வெள்ளை ஒயின் போத்தலில் இனிப்பின் அளவைச் சொல்லும் சொல் கட்டாயமாக இருக்கவேண்டும். 'செக்' என்றால் லீட்டருக்கு 4 கிராமுக்கு மேல் சீனி இராது. 'தெமி-செக்' 12 கிராம் வரை, 'முவாலெ' 45 கிராம் வரை. அதற்கும் மேலே போனால் 'தூ'. உறைப்புக் கறிக்கு முவாலெதான் எடுக்கவேண்டும். சீனி உறைப்பை ஆற்றும். நீங்கள் வாங்கிய போத்தலில் என்ன எழுதியிருந்தது? ஆல்கஹால் எத்தனை சதவீதம்?

கொல்மார் குறிஞ்சி எழுதியது:

அண்ணா, குப்பைக் கூடையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டேன். 'செக்' என்று இருக்கிறது. ஆல்கஹால் 14.5. பார்க்காமல் வாங்கியது என் பிழைதான், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வாசத்தை முகர்ந்தபோது இனிப்பு ஒயின் என்று சத்தியம் செய்திருப்பேன்.

சோதனைக்குழாய் எழுதியது:

மூக்கு இப்படித்தான் ஏமாற்றும் அம்மா. ரோஜாவும் லிச்சியும் நமக்கு இனிப்போடு சேர்ந்தே பழக்கம். குல்கந்து, பன்னீர் விட்ட பாயசம், பழம் என்று சிறு வயதிலிருந்து அப்படித்தான் உண்டிருக்கிறோம். அதனால் அந்த வாசம் வந்ததும், வாயில் சர்க்கரை இல்லாவிட்டாலும் இருப்பதாக மனம் எண்ணிக்கொள்கிறது.

வாசத்தின் காரணத்தைச் சொல்கிறேன். புதுச்சேரியிலும் பிறகு முலூஸிலும் வேதியியல் கற்பித்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒயினின் பன்னீர் வாசத்துக்கு முதல் காரணம் ரோஸ் ஆக்சைடு என்ற பொருள். ரோஜா எண்ணெயில் இருப்பதும் அதுதான், லிச்சிப் பழத்தில் இருப்பதும் அதுதான். 'லிச்சி போல மணக்கிறது' என்று குடிப்பவர்கள் சொல்வது உவமை அன்று, இரண்டிலும் உள்ள மூலக்கூறு ஒன்றே. ஒரு லிட்டரில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே நம் மூக்கு அதைக் கண்டுகொள்ளும். அதோடு ஜெரானியால், லினலூல் போன்ற டெர்பீன் என்ற மணப்பொருள்களும் சேர்கின்றன. இவை பெரும்பாலும் திராட்சையின் தோலில் தங்கியிருப்பவை. ஒரு பகுதி சர்க்கரையோடு பிணைந்து வாசமே இல்லாமல் கிடக்கும். நொதிக்கும்போது அந்தப் பிணைப்பு அவிழ்ந்து வாசம் வெளிப்படும்.

இனி உங்கள் நெருப்புக்கு வருவோம். மிளகாயில் உள்ள காப்சைசின், நாக்கில் சூட்டை உணரும் ஏற்பியைத் தூண்டுகிறது. அந்த ஏற்பி இயல்பாக 42 டிகிரி அளவுச் சூட்டில்தான் விழித்துக்கொள்ளும். ஆல்கஹால் பட்டால் அந்த எல்லை 34 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. நம் வாயின் சூடே அதைவிட அதிகம் அல்லவா? ஏற்கெனவே மிளகாய் தூண்டிய நாக்கில் 14.5 சதவீத ஆல்கஹால் விழுந்தால் எரியாமல் என்ன செய்யும்?

அரசு அவர்கள் சொன்னதும் உண்மை. சர்க்கரை எரிச்சலை மட்டுப்படுத்தும். ஆனால் இந்தத் திராட்சையின் இயல்பை மறக்கக்கூடாது. பழுக்கப் பழுக்க இதன் புளிப்பு வேகமாக இறங்கும், சர்க்கரை ஏறும். வாசம் முழுமையாகக் கூடுவதோ கடைசியில்தான். வாசத்துக்காகக் காத்திருந்தால் புளிப்பு போய்விடுகிறது. ஏறிய சர்க்கரை முழுவதும் நொதித்தால் ஆல்கஹால் கூடுகிறது, பாதியில் நின்றால் இனிப்பாக மிஞ்சுகிறது. புளிக் கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் ஒயின் சப்பென்று போனதற்கும் இந்தக் குறைந்த புளிப்பே காரணம். உணவின் புளிப்பு ஒயினின் புளிப்பைத் தாண்டினால் ஒயின் உயிரற்றுப் போகும்.

பாரிஸ் புதுவரவு எழுதியது:

வணக்கம். நான் பாரிஸ் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. இந்த ஒயினைக் கடை அடுக்கில் பார்த்திருக்கிறேன், ஒல்லியாக உயரமாக இருக்கும் பாட்டில். பெயரை எப்படிச் சொல்வது என்றுகூடத் தெரியவில்லை. ஜெர்மன் பெயராக இருக்கிறதே, பிரெஞ்சு ஒயின்தானா? ஒரு பாட்டில் வாங்கினால் எதோடு தொடங்கலாம்? வீட்டில் நானும் என் அறைத்தோழியும் மட்டும்தான்.

கொல்மார் குறிஞ்சி எழுதியது:

வாருங்கள் தங்கையே. பிரெஞ்சு ஒயின்தான். ரைன் ஆற்றுக்கும் வோஜ் மலைத்தொடருக்கும் நடுவே வடக்குத் தெற்காக நீளும் பகுதி அல்சாஸ். 1871 முதல் 1918 வரை ஜெர்மனியிடம் இருந்தது, இரண்டாம் உலகப் போரில் மறுபடியும் கைமாறித் திரும்பி வந்தது. ஊர்ப் பெயர், தெருப் பெயர், பலகாரப் பெயர் எல்லாம் அதனால்தான் இரண்டு மொழியும் கலந்து ஒலிக்கும். ஜெர்மானியர் எழுத்தின் தலையில் வைக்கும் இரு புள்ளிகளை இங்கே விட்டுவிட்டு எழுதுவார்கள். நீங்கள் பார்த்த ஒல்லிப் பாட்டிலுக்குப் புல்லாங்குழலின் பெயர், 'ஃப்ளூட்'.

மழைமேகங்களை வோஜ் மலை மேற்கிலேயே தடுத்துவிடுவதால் கொல்மார் பிரான்சிலேயே மிகக் குறைவாக மழை பெறும் ஊர்களில் ஒன்று. இலையுதிர்காலம் நீளமாக, வெயிலோடு இருக்கும். பழத்தைக் கொடியிலேயே விட்டுக் காத்திருக்கும் துணிச்சல் இங்குள்ள விவசாயிக்கு வருவது அதனால்தான்.

நான் வந்த முதல் இரண்டு ஆண்டுகள் அறுவடை வேலைக்குப் போயிருக்கிறேன். வின்ட்ஸன்ஹைம் ஊருக்கு மேலே ஹெங்ஸ்ட் என்றொரு சரிவு, ஆண்குதிரை என்று பொருள். களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த மண், மழை பெய்த மறுநாள் பூட்ஸில் அப்பிக்கொண்டு விடாது. வெள்ளை ஒயினுக்குப் பச்சைத் திராட்சை என்றுதான் நினைத்துப் போனேன். கொடியில் தொங்கியதோ இளஞ்சிவப்புப் பழம், சில குலைகள் செங்கல் நிறத்தில் இருந்தன. குலை சிறியது, உள்ளங்கையில் அடங்கிவிடும். தோல் தடித்தது. ஒன்றை வாயில் போட்டால் சதை சட்டென்று கரைந்து இனித்துவிடும். தோலை மெல்ல மெல்லத்தான் அந்த வாசம் வரும், கூடவே ஒரு கசப்பும் வரும். பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தோலைத் துப்பாதே, அதில்தான் விஷயம் இருக்கிறது என்று கையைக் காட்டிச் சொன்னார். சோதனைக்குழாய் ஐயா இன்று எழுதியதைத்தான் அவர் அன்று சொன்னார்.

எதோடு தொடங்குவது என்று கேட்டீர்கள். மன்ஸ்தேர் சீஸ், வேகவைத்த உருளைக்கிழங்கு. வேறு ஒன்றும் வேண்டாம்.

நெடுவழி எழுதியது:

போல்சானோவிலிருந்து வணக்கம். பெயரின் பின்பாதியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். இங்கிருந்து தெற்கே அரை மணிநேரத்தில் டிராமின் என்ற ஊர் இருக்கிறது. 'டிராமினர்' என்றால் டிராமின்காரர். இத்தாலியின் தென் டிரோல் பகுதி இது, ஆனால் ஊரில் பேசுவது ஜெர்மன்.

இங்கே இந்த ஒயினைப் பெரும்பாலும் வறண்டதாகவே செய்கிறார்கள். வாசம் அதே வாசம், முடிவில் ஒரு கசப்பு நாக்கில் நிற்கும். அந்தக் கசப்பு எனக்குப் பிடிக்கும். உணவு மேசையில் முதலில் வருவது ஸ்பெக், அதாவது உப்பிட்டு, மெல்லப் புகையூட்டி, மாதக்கணக்கில் மலைக்காற்றில் உலரவைத்த பன்றித்தொடை. கண்ணாடித்தாள்போலச் சீவி, கம்பு மாவு ரொட்டியோடு தருவார்கள். உப்பும் புகையும் நாக்கில் இருக்கும்போது இந்த ஒயினைக் குடித்தால் ரோஜா வாசம் இரண்டு மடங்காகத் தெரியும்.

இன்னொன்றையும் கவனித்தேன். இங்கே ஸ்டெல்வியோ என்று ஒரு மலைச் சீஸ் உண்டு. மன்ஸ்தேர்போலவே உப்புநீரால் துடைத்துத் துடைத்துப் பழுக்கவைப்பது. அதுவும் இந்த ஒயினோடு நன்றாகச் சேருகிறது. ஆல்ப்ஸ் மலையின் இந்தப் பக்கமும் வோஜ் மலையடியிலும் வாழ்பவர்கள் ஒருவரை ஒருவர் கேட்காமலேயே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்றால், குறிஞ்சி அக்கா சொல்வதில் ஏதோ இருக்கிறது.

சோதனைக்குழாய் எழுதியது:

நெடுவழி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பழைய டிராமினர் திராட்சைக்குச் சாவாஞன் என்றும் பெயர். ஜுரா மலைப்பகுதியில் மஞ்சள் ஒயின் செய்வது அதன் வெள்ளை வடிவத்தில்தான். அது இளஞ்சிவப்பாக மாறியது ஒரு மரபுமாற்றம், வாசம் கூடியது இன்னொன்று, அதுதான் கெவுர்ஸ்ட்ராமினர். வாசமில்லாத இளஞ்சிவப்புச் சகோதரியை அல்சாஸிலேயே ஹைலிகன்ஸ்டைன் ஊரில் இன்றும் வளர்க்கிறார்கள், கிளெவெனர் என்ற பெயரில். ஜெர்மனியின் ரோட் என்ற ஊரில் ஏறக்குறைய நானூறு ஆண்டு வயதான டிராமினர் கொடிகள் இன்னும் காய்ப்பதாகச் சொல்கிறார்கள். ஒருமுறை போய்ப் பார்த்தேன். அடித்தண்டு என் தொடைப் பருமன் இருந்தது.

கீரைப்பாத்தி எழுதியது:

லியோனிலிருந்து எழுதுகிறேன். பன்றித்தொடை, சீஸ் என்றே பேச்சு போகிறது. நான் சைவம். அல்சாஸ் சாப்பாட்டில் எனக்கு ஏதாவது இருக்கிறதா? மன்ஸ்தேர் சாப்பிடலாமா?

அடுப்படி அரசு எழுதியது:

தம்பி, நல்ல வேளை கேட்டீர்கள். முதலில் ஒரு எச்சரிக்கை. பிரான்சின் பாரம்பரியச் சீஸ்களில் பாலை உறையவைக்க இடுவது பெரும்பாலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. மன்ஸ்தேரும் அதில் சேர்ந்ததுதான். முட்டை, பால் மட்டும் சேர்ப்பவர் என்றால் விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு வெங்காயத் தார்த் இருக்கிறது. நிறைய வெங்காயத்தைச் சிறுதீயில் வைத்து, நிறம் மாறாமல், கையால் மசிக்கும் பதத்துக்கு வதக்கவேண்டும். முக்கால் மணிநேரம் ஆகும், அவசரப்பட்டால் கெட்டுவிடும். பாலேடும் முட்டையும் கலந்து மாவுத் தட்டில் ஊற்றி ஓவனில் வைப்பது. பன்றித் துண்டைப் போடாமலே செய்யலாம். வெங்காயம் தானாகவே இனிக்கும், அந்த இனிப்புக்கு கெவுர்ஸ்ட்ராமினர் பொருந்தும்.

அடுத்தது குகெல்ஹோப்ஃப். பள்ளமும் மேடுமாக வரிவிட்ட மண்சட்டியில், நடுவில் ஓட்டையோடு சுடும் ரொட்டி. திராட்சை வற்றல், பாதாம் போட்ட இனிப்பு வகையும் உண்டு, வால்நட்டும் பன்றி இறைச்சியும் போட்ட உப்பு வகையும் உண்டு. நீங்கள் இனிப்பை எடுங்கள். சூஃப்லென்ஹைம் ஊர்க் குயவர் செய்த சட்டியில் சுட்டால் அடிப்பக்கம் பொன்னிறமாக வரும், இரும்பு அச்சில் அப்படி வராது. என் அனுபவம் இது.

இனிக் குறிஞ்சிக்கு. தங்கச்சி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு யோசித்தேன். எங்கள் கடைக்கு வரும் உள்ளூர்ப் பெரியவர்கள் இந்த ஒயினைச் சாப்பாடு முழுக்கக் குடிப்பதை நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுக்கு முன் ஒரு கோப்பை, குகெல்ஹோப்ஃப் துண்டோடு. அல்லது எல்லாம் முடிந்து சீஸ் வரும்போது. நடுவில் ஷூக்ரூட் வந்தால் ரீஸ்லிங் என்ற புளிப்பான வெள்ளை ஒயின் கேட்பார்கள். அது புளிக்கவைத்த முட்டைக்கோசு, புளிப்புக்குப் புளிப்பு வேண்டுமல்லவா? மே மாதம் ஹோர்ட் ஊர் அஸ்பராகஸ் வந்தால் வறண்ட மஸ்கட் ஒயின் கேட்பார்கள். கெவுர்ஸ்ட்ராமினருக்கு என்று ஒரு நேரம் வைத்திருக்கிறார்கள். இதை இத்தனை வருடம் பார்த்தும் நான் யோசித்ததில்லை.

ஆனாலும் முவாலெ போத்தலோடு ஒருமுறை சமைத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். அதுவரை நான் விடமாட்டேன்.

கொல்மார் குறிஞ்சி எழுதியது:

செய்துவிட்டேன் அண்ணா. நேற்று ஞாயிறு, நானும் கணவரும் மட்டும். முவாலெ பாட்டில், ஆல்கஹால் 12.5. நான்கு உணவுகளைச் சிறு கிண்ணங்களில் வைத்தேன்.

முதலில் அதே கோழிக் குழம்பு, போன வாரத்துக் காரம் குறையாமல். நீங்கள் சொன்னது சரி, எரிச்சல் அடங்கியது. இனிப்பு நாக்கின்மேல் மெல்லிய போர்வைபோல் விழுந்தது. மூன்று கவளம் வரை இருவரும் ஒத்துக்கொண்டோம். நான்காவது கவளத்தில் என் கணவர் கோப்பையை முகர்ந்துவிட்டு, "இதில் ரோஜா எங்கே?" என்று கேட்டார். காணவில்லை. குழம்பு பிழைத்தது, ஒயினைத்தான் இழந்தோம். அந்த வேலையைக் குளிர்ந்த மோர் இதைவிட நன்றாகச் செய்யும். பதினைந்து யூரோ கொடுத்து வாங்கியதை மோரின் இடத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து ஆட்டுக்கறிக் குருமா. முந்திரி அரைத்து ஊற்றியது, பட்டை, கிராம்பு, ஏலம் தூக்கல், பச்சை மிளகாய் இரண்டே இரண்டு, அதுவும் கீறாமல். இது சேர்ந்தது. கிராம்பு எங்கே முடிகிறது, ஒயின் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது, யாழ்ப்பாணத்துத் தோழி சொல்லித்தந்த இறால் சொதி. தேங்காய்ப் பால், மஞ்சள், வெங்காயம், கறிவேப்பிலை. அடுப்பை அணைத்ததும் எலுமிச்சை பிழியவேண்டும் என்று சொல்லியிருந்தாள். பிழிவதற்கு முன் ஒரு கிண்ணம் தனியே எடுத்து வைத்தேன். பிழியாத சொதியோடு குடித்தபோது தேங்காயின் தித்திப்பும் இறாலின் தித்திப்பும் ஒயினும் ஒன்றையொன்று கைப்பிடித்துக்கொண்டன. பிழிந்த கிண்ணத்தோடு குடித்தேன். ஒயின் உடனே கனத்துப்போய்ச் சர்க்கரைப் பாகாக வாயில் நின்றது. அரை மூடி எலுமிச்சைதான், அதற்குள் இத்தனை வித்தியாசம். புளிப்பைப் பற்றி ஐயா எழுதியதை நாக்கிலேயே கண்டுகொண்டேன்.

நான்காவதாகப் பாகற்காய் வறுவல், ஆசைக்கு வைத்தேன். வேண்டாம். ஒயினின் கசப்பை அது இழுத்து வெளியே போட்டுவிடுகிறது.

அடுப்படி அரசு எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். உறைப்பை ஆற்றுகிறது என்பதற்காக ஒயின் சேர்ந்துவிட்டது என்று இவ்வளவு நாளும் எண்ணியிருந்தேன். போத்தல் காலியாகி வந்ததைப் பார்த்தேனே தவிர, குடித்தவர் வாசத்தை அனுபவித்தாரா என்று கேட்டதில்லை. கறி உறைத்ததால்கூடப் போத்தல் காலியாகியிருக்கலாம். நாளைக்கே பரிமாறும் பெடியனிடம் சொல்லி ஒயின் அட்டையை மாற்றப்போகிறேன். குருமாவுக்கு நேரே கெவுர்ஸ்ட்ராமினர், உறைப்புக் கறிக்கு நேரே வேறு.

எலுமிச்சைக் கதையைச் சமையற்கட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். சொதிக்கு எலுமிச்சை பிழியாமல் விட என் தாய் ஒப்பமாட்டார். அதனால் சொதிக்கு நான் ரீஸ்லிங்தான் தருவேன்.

ஒன்றை யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நத்தார் (கிறிஸ்துமஸ்) வந்தால் இங்கே ஃபுவா கிரா என்ற கொழுத்த வாத்து ஈரலோடு பிந்திய அறுவடைக் கெவுர்ஸ்ட்ராமினர் வைப்பது வழக்கம். கொடியிலேயே பழத்தை வற்றவிட்டுப் பறித்துச் செய்யும் இனிப்பு ஒயின் அது. 1984ஆம் ஆண்டு முதல் அதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. கொழுப்பு, இனிப்பு, வாசம் மூன்றும் ஒரே வாயில் சேர்ந்தால் இரண்டாம் துண்டுக்கே திகட்டுகிறது. பினோ கிரி என்ற இன்னொரு வெள்ளை ஒயின்தான் அதற்கு மேல் என்பது என் எண்ணம். பிந்திய அறுவடைப் போத்தலை ரோக்ஃபோர் போன்ற நீலச் சீஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள், உப்பு அந்த இனிப்பைத் தாங்கும். அல்லது கெர்ட்வில்லர் ஊர் மசாலா ரொட்டிக்கு. தேன், பட்டை, கிராம்பு, சோம்பு எல்லாம் அதில் இருக்கிறது, பிறகு கேட்கவேண்டுமா?

பிழிந்த சக்கையைக்கூட இவர்கள் வீசுவதில்லை. தோலில் மிஞ்சிய வாசத்தை வடித்து 'மார்' என்ற சாராயம் எடுத்து, ஐஸ்மேல் ஊற்றித் தருவார்கள். எங்கள் கடையில் அதிகம் கேட்கப்படும் கடைசி உணவு அது.

கீரைப்பாத்தி எழுதியது:

அரசு அண்ணா, வெங்காயத் தார்த் செய்தேன், முக்கால் மணிநேரம் பொறுமையாக நின்றேன். நன்றாக வந்தது. அதைவிட நன்றாக வந்தது பூசணிக்காய்க் கூட்டு. தேங்காய்ப் பால், தட்டிய இஞ்சி, கறிவேப்பிலை, மிளகாய் இல்லை, புளி இல்லை. குறிஞ்சி அக்காவின் கணக்கை வைத்து நானாகச் சமைத்தது. தெமி-செக் பாட்டில். இஞ்சிதான் இரண்டையும் இணைக்கிறது என்று தோன்றுகிறது, இஞ்சி போடாத பங்கு அவ்வளவு சுவைக்கவில்லை.

நெடுவழி எழுதியது:

குளிர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் வாசம் உறங்கிக் கிடக்கும். அறைச் சூட்டுக்கு வந்துவிட்டால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். எட்டிலிருந்து பத்து டிகிரி சரியான அளவு. வெப்பமானி இல்லாவிட்டால், எடுத்துக் கால்மணி நேரம் மேசையில் வையுங்கள், போதும்.

பாரிஸ் புதுவரவு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மன்ஸ்தேர் வாங்கினேன். தாளில் சுற்றி, அதன்மேல் பையில் போட்டு வந்தும் மெட்ரோவில் எதிரே இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். அறைத்தோழி ஜன்னலைத் திறந்து வைத்தாள். ஆரஞ்சு நிற மேல்தோல் பிசுபிசுப்பாக, மாட்டுத் தொழுவம்போல மணக்கிறது. சாப்பிட முடியாது என்றே நினைத்தேன்.

கடைக்காரப் பெண்மணி சீரகத்தோடு சாப்பிடச் சொன்னார். வீட்டில் இருந்த சீரகத்தைத் தூவினேன். சாம்பார் நினைவுதான் வந்தது, ஒயினோடு ஒட்டவில்லை. இது ஏன்?

உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து, சூடாகப் பிளந்து, சீஸை மேலே வைத்தேன். உருகி வழிந்தது. ஒரு வாய் அதைத் தின்று ஒரு வாய் ஒயின் குடித்தபோது அந்தத் தொழுவ வாசம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பால் வாசமும் ரோஜாவும்தான் இருந்தன. அறைத்தோழி ஜன்னலை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கொல்மார் குறிஞ்சி எழுதியது:

இதைப் படித்ததும் என் மனம் நிறைந்துவிட்டது தங்கையே.

சீரகக் குழப்பம் எனக்கும் வந்ததுதான். பிரெஞ்சுக்காரர்கள் மன்ஸ்தேருக்குச் சீரகம் என்று பெயர் சொல்லித் தருவது நம் சீரகம் அன்று, காரவே. பார்த்தால் சீரகம்போலவே இருக்கும், கொஞ்சம் கருத்து, பிறைபோல் வளைந்திருக்கும். மென்றால் சோம்பின் பக்கம் போகும் குளிர்ந்த வாசம். மன்ஸ்தேர் பள்ளத்தாக்கின் புல்வெளிகளில் தானாகவே முளைக்கும் செடி அது. கடையில் 'கார்வி' என்று கேளுங்கள், தருவார்கள். ஒரு சிட்டிகை போதும். சீஸின் மேல் தூவாமல் தட்டின் ஓரத்தில் வைத்துத் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுங்கள்.

பாட்டிலில் மிச்சம் இருந்தால் தக்கையை இறுக்கி அடைத்துக் குளிர்பெட்டியில் நிற்கவைத்து விடுங்கள். மூன்று நாள் தாங்கும். சீஸைத் தனி டப்பாவில் வையுங்கள், இல்லையென்றால் பாலும் தயிரும் மணக்கும்.

பாரிஸ் புதுவரவு எழுதியது:

அரை பாட்டில் இருக்கிறது அக்கா. வேலை முடிந்து வரும் வழியில் கார்வி வாங்கி வருகிறேன். உருளைக்கிழங்கை அவள் வேகவைத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.